ஜன்னல் வழியாக வந்த நெய்

என் சிறுகுடலைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. குடல் என்னிடம் இருந்ததால் வலியோடு நிறுத்திக்கொண்டேன்.

இதை எழுதும்போது நான் பிழைத்துவிட்டேன். ஆகவே பக்குவமாகவும் நன்றியோடும் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போகலாம். வியாதிப்பட்டு எழுந்தவனுக்கு ஞானம் வரும் என்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்னும் போகவில்லை. வியாதிக்கு மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார்கள். யோசனை சொல்கிறவர்களுக்கு இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

போன பங்குனியில் ஆரம்பித்தது. நாகரிகமாகச் சொன்னால் வயிறு சரியில்லை. நாகரிகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் மற்றவர்களுக்குப் பிரயோஜனம் என்பதால் சொல்கிறேன்: விடியுமுன் படுக்கையிலிருந்து கொல்லைக்கு ஓடுவேன். காப்பி குடித்தால் ஓட்டம். சாப்பிட்டால் ஓட்டம். போனது வெளுத்து, நுரைத்து, எண்ணெய் மினுக்கோடு, எத்தனை வாளி தண்ணீர் கொட்டினாலும் மிதந்துகொண்டே நின்றது. நான் வாரப் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன். என் எழுத்து எதுவும் அப்படி நிலைத்து நின்றதில்லை.

நாக்கு சிவந்து புண்ணாகி, நாங்கள் சாத்தமுது என்கிற ரசம்கூட நெருப்பாகச் சுட்டது. தோளெலும்பில் சட்டை தொங்கியது. கணுக்கால் மட்டும் வீங்கியது. பத்திரிகைக்குக் கட்டுரை போகாததால் வாசகர்கள் விசாரித்து எழுதினார்கள். 'நீங்களே ஹாஸ்ய எழுத்தாளர், சிரித்தால் நோய் பறந்துபோகுமே' என்று ஒருவர் தொட்டியத்திலிருந்து எழுதியிருந்தார். அவர் விலாசத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி, என்னைக் கொல்லப் பார்த்த இரண்டு பேரை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலில் அத்திம்பேர். என் அக்காவின் கணவர். அக்கா காலமாகி வெகு வருஷம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. சித்திரை வீதியில் எங்கள் வீட்டின் முன்னறையில் அவர் தங்கிவிட்டார். சம்ஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவிலில் ஏதோ கைங்கர்யம் உண்டு, அதனால் மடப்பள்ளியில் செல்வாக்கும் உண்டு. அறுபத்தைந்து வயதுக்கு மேல், காவிரியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு அவர் நடந்து வருகிற மிடுக்கைப் பார்த்தால் நான்தான் அவருக்குச் சித்தப்பா என்று தோன்றும். அவருடைய வைத்திய சாஸ்திரம் ஒரே சூத்திரம்: உடம்பு இளைத்தால் நெய் போதவில்லை. நெய் விட்டும் இளைத்தால், அது நல்ல நெய் இல்லை.

"சீமாச்சு, நெய்ங்கறது குடலுக்கு மசகு. வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டா என்ன பண்றோம்?"

"சக்கரமே கழண்டு ஓடறது, அத்திம்பேர்."

"பேசாதே. வாயைத் திற."

இரண்டாவது ஆசாமி நாயுடு. தெப்பக்குளத்துப் பக்கம் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில்தான் குடியிருந்தார். காலையில் கரலாக்கட்டை சுற்றுகிறவர். ஃபைலைத் தூக்கும்போதுகூடப் புஜத்தை முறுக்கித்தான் தூக்குவார்.

"சார், நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்தா குடல் தூங்கிடும். அதை எழுப்பணும். வேகமா நடங்க. பசி தானா எடுக்கும்."

"ராத்திரி பூரா என்னை எழுப்பறதே அதுதான் நாயுடு."

"அது கெட்ட முழிப்பு சார். நான் சொல்றது நல்ல முழிப்பு."

இந்த இரண்டு மகான்களும் தனித்தனியாக வைத்தியம் பார்த்திருந்தால் ஒருவேளை வீட்டிலேயே சமாளித்திருப்பேன். சேர்ந்து பார்த்தார்கள். விடிந்ததும் உருக்கிய நெய்யில் மிளகுப் பொடி போட்டு ஒரு பெரிய கரண்டி, அத்திம்பேர் கையால். அது தொண்டையை விட்டு இறங்குமுன் வாசலில் நாயுடு, கான்வாஸ் ஷூவோடு. பிறகு நாலு சித்திரை வீதியும் சுற்றி வேகநடை.

பெருமாளைச் சுற்றி வருகிற புண்ணியம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். எந்த மூலையில் எந்த வீட்டுக் கொல்லைக் கதவு அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதுதான் என் தியானமாக இருந்தது. ஸ்ரீரங்கத்து வீதிகளின் பூகோளத்தை அந்த நோக்கில் ஆராய்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேண்டுமானால் யாராவது டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

ஒரு நாள் வடக்குச் சித்திரை வீதியில் கண் இருட்டி விழுந்தேன். கண் திறந்தபோது தலைக்கு மேல் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"நெய் போதலை," என்றார் அத்திம்பேர்.

"நடை போதலைங்க. பாதியிலே நிறுத்தினா இப்படித்தான் ஆகும்," என்றார் நாயுடு.

என் மனைவி கோமளம் வந்தாள். அத்தனை மாதமாக எனக்கு ஒரு யோசனையும் சொல்லாத ஒரே ஜீவன் அவள். இரண்டு பேரையும் பார்த்தாள். "டாக்சி கொண்டு வாங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். அவ்வளவுதான். காவிரிப் பாலத்தைத் தாண்டினோம்.

*

ஆஸ்பத்திரி பெஞ்சுகளைப் பற்றி எழுதத் தனிப் புத்தகம் வேண்டும். உட்கார்ந்தவன் எழுந்து ஓடிவிடக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்தவை போலிருந்தன. நானோ ஓடாமல் இருக்க முடியாதவன். ரத்தம் எடுத்தார்கள். சுண்ணாம்பைக் கரைத்தாற்போல ஒன்றை டம்ளர் டம்ளராகக் குடிக்கவைத்து எக்ஸ்ரே பிடித்தார்கள். இருட்டறையில் என் குடலைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் தலையை ஒரே பக்கம் சாய்த்தார்கள். ஆனால் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள்.

பெரிய சர்ஜனுக்குக் குடலில் காசநோய் அல்லது கட்டி என்று சந்தேகம். "திறந்து பார்த்துடலாம்" என்றார், அலமாரியைச் சொல்வதுபோல.

அவரைவிட இளையவரான டாக்டர் பிரகாசம் ஒப்புக்கொள்ளவில்லை. மெலிந்த மனிதர். எப்போதும் தூக்கம் போதாத கண். கோமளத்தைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னார்: "அம்மா, உங்க வீட்டுக்காரர் உடம்புல ரத்தமே இல்லை. இந்த நிலையில மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. நான் சந்தேகப்படற வியாதியா இருந்தா கத்தியே வேண்டாம். மாத்திரை போதும். ஆனா அதை நிரூபிச்சாத்தான் சர்ஜன் விடுவார்."

எல்லாவற்றையும் என் காதில் விழாமல் சொல்வதாக நினைத்துச் சொன்னார். நோயாளிக்கு உடம்பில் எது கெட்டாலும் காது கெடுவதில்லை.

அந்த வியாதிக்கு 'ஸ்ப்ரூ' என்று பெயர். நாய்க்கு வைக்கலாம் போலிருந்தது. அது என்னவென்று மறுநாள் என் கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினார்.

"டர்க்கி டவல் பார்த்திருக்கீங்களா? புதுசா வாங்கினா அதுல பொசுபொசுன்னு இழை நிக்கும். சிறுகுடலோட உள்பக்கம் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான இழை. சாப்பாட்டுல இருக்கற சத்தை, முக்கியமா கொழுப்பை, அதுதான் உறிஞ்சணும். உங்களோட டவல் ரொம்ப நாள் பாறையில அடிச்சுத் துவைச்ச டவல். இழை தேய்ஞ்சு வழவழன்னு போயிருக்கும்னு நினைக்கிறேன்."

"நெய் மசகுன்னு எங்க அத்திம்பேர் சொன்னாரே?"

"உறிஞ்ச முடியாத குடல்ல நெய் விட்டா அது அப்படியே கீழே போகும். போற போக்குல சும்மா போகாது. சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும், விட்டமினை இழுத்துக்கிட்டுப் போகும், பெருங்குடலைச் சீண்டித் தண்ணியா கொட்ட வைக்கும். நீங்க நெய் சாப்பிடலை. நெய் உங்களைச் சாப்பிட்டுது."

"நடந்தா பசி எடுக்கும்னு..."

"சாப்பிட்ட உடனே வேகமா நடந்தா குடலுக்குப் போக வேண்டிய ரத்தம் காலுக்குப் போயிடும். நல்ல உடம்பு தாங்கும். உங்களுக்கு இருக்கறதே கொஞ்சம் ரத்தம். அதையும் வீதி வீதியா இறைச்சிருக்கீங்க."

நாயுடு அப்போது எதிரில் இருந்திருந்தால் அவருடைய கரலாக்கட்டையாலேயே ஒரு காரியம் செய்திருப்பேன். தூக்கப் பலம் இருந்திருந்தால்.

நிரூபிப்பதற்கு வழி இதுதான். பெரிய ஊர்களில் குழாய் வழியாக ஒரு சின்ன டப்பியைக் குடலுக்குள் இறக்கி ஓர் இணுக்குக் கிள்ளி எடுத்துப் பார்க்கிறார்களாம். இங்கே அது இல்லை. இங்கே இருந்தது வெண்ணெயும் ஒரு பெயின்ட் டப்பாவும். நிறுத்துக் கொடுத்த வெண்ணெயை மூன்று நாள் சாப்பிட வேண்டும். அந்த மூன்று நாளும் வெளியேறுவது அத்தனையும் டப்பாவில் சேர வேண்டும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று தெரிய முன்னும் பின்னும் ஒரு சிவப்புச் சாயக் குளிகை. சிவப்பு தெரிந்தால் ஆரம்பம், மறுபடி சிவப்பு தெரிந்தால் நிறுத்தம். ரயில்வே சிக்னல் மாதிரி. உள்ளே போன கொழுப்பில் எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்குப் பார்த்தால் டவலின் யோக்கியதை தெரிந்துவிடும்.

"டாக்டர், எது என்னைக் கொன்னுதோ அதையே மறுபடி தரேளா?"

"மூணே நாள். திருடனைப் பிடிக்கத் திருட விட்டுத்தான் ஆகணும்."

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நாங்கள் தொடுவதில்லை. எடமலைப்பட்டி புதூரில் இருந்த ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் கோமளம் தளிகை செய்து எடுத்து வந்தாள். டாக்டர் நிறுத்துக் கொடுத்த வெண்ணெயை மூன்று வேளைக்கும் பங்கிட்டு, சோற்றில் பிசைந்து, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைக்கூட வழித்துப் போட்டாள். "இதுக்கு மேல ஒரு சொட்டுக் கொழுப்பு உள்ளே போகக்கூடாது, குறையவும் கூடாது" என்று அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கடுகு தாளிக்க எண்ணெய் விடவில்லை. அப்பளம் பொரிக்கவில்லை. பாலைக் காப்பியில் காட்டவே இல்லை.

*

எங்களுடையது இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டிலில் ஒரு ராவுத்தர். பெரிய கடை வீதியில் ஜவுளிக் கடை. மேல்தட்டுத் துணியை எடுக்க ஏணியில் ஏறியவர் துணியோடு இறங்கி, தொடை எலும்பை முறித்துக்கொண்டு, காலை உயரக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். குடல் விஷயத்தில் அவர் சக்கரவர்த்தி. வீட்டிலிருந்து அடுக்கடுக்காக வரும் தூக்குகளில் நெய் மிதக்கும். சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவார். அவ்வளவுதான் அவருக்கு. அந்த ஏப்பத்தை நான் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன ஐயங்காரே, டப்பா நிரம்புச்சா?" என்பார் காலையில்.

"உங்க கால் இறங்கித்தா?" என்பேன்.

அப்படி ஒரு சிநேகம்.

என் கட்டில் ஜன்னலோரம். தினம் பகல் உச்சியில் அத்திம்பேர் அந்த ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். ஆஸ்பத்திரி என்றால் சாவுத் தீட்டு, பிரசவத் தீட்டு, இன்னும் என்னென்னவோ. தன் வீடும் கோவிலும் தவிர வேறெங்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர். பஸ்ஸில் யார் யாரோ மேலே படுவார்கள் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே வருவார், பாலத்து வெயிலில், மடி வேட்டியோடு, கையில் வாழையிலை கட்டிய ஒரு வெண்கலச் சொம்போடு.

சொம்பில் கோவில் அக்காரவடிசல். நெய் உருகி விளிம்பில் மஞ்சள் கோடு கட்டியிருக்கும். கம்பி வழியாகக் கரண்டியை நீட்டுவார். நான் கையைக் குவித்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டுக்கொள்வேன். கோமளம் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். உங்களில் ஸ்ரீரங்கத்துக்காரர் யாராவது இருந்தால் அடித்துக்கொள்ள மாட்டார். பிரசாதம் ஆகாரம் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்தவனுக்கு இது சொல்லித் தெரிகிற விஷயமும் இல்லை. மருந்து தின்கிறவனுக்குச் சாப்பாட்டில் பத்தியம் உண்டு, பிரசாதத்தில் பத்தியம் உண்டோ? தளிகையில் எண்ணெய்ச் சொட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த கோமளம், ஜன்னலில் கரண்டி கரண்டியாக நெய் உள்ளே வந்ததைப் பார்க்கவே இல்லை. நானும் பார்க்கவில்லை. நெய் மட்டும் எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. தேய்ந்த டவலுக்குத் தளிகை எது, பிரசாதம் எது என்று தெரியாது. அது நாஸ்திகக் குடல்.

முடிவு வந்த அன்று டாக்டர் பிரகாசம் ஒரு காகிதத்தோடு வந்து என்னை வெகு நேரம் பார்த்தார்.

"நாங்க கொடுத்த கொழுப்பைவிட வெளியே வந்தது அதிகமா இருக்கு."

"லாபம்தானே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க பசு மாடு இல்லை சார், வெண்ணெய் உற்பத்தி பண்ண. ஒண்ணு, லாபரட்டரி தப்பு. இல்லை, டப்பாவுல வேற எவனோ போயிருக்கான். இல்லை, நீங்க வேற ஏதோ சாப்பிட்டிருக்கீங்க. எதுவா இருந்தாலும் இந்தக் கணக்கை சர்ஜன்கிட்ட காட்ட முடியாது. ஆனா அவரே பார்த்துட்டார். சிரிச்சார். திங்கட்கிழமை தியேட்டருக்குத் தயார் பண்ணச் சொல்லிட்டார். என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லை."

"அம்மா?"

"பெருமாள் சத்தியமா நீங்க கொடுத்த வெண்ணெயைத் தவிர ஒண்ணும் கொடுக்கலை, டாக்டர்" என்றாள் கோமளம். அழுதுவிட்டாள்.

அடுத்த கட்டிலிலிருந்து ராவுத்தர் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர் சார், அந்தம்மா பொய் சொல்லலை. வீணா அழ வைக்காதீங்க. சாப்பாடு அவங்க கொடுத்தது மட்டும்தான். ஜன்னல் வழியா வந்தது சாப்பாட்டுல சேர்த்தி இல்லைங்க. அது சாமி கணக்கு."

"ஜன்னல் வழியா என்ன வந்தது?"

"எனக்கு என்ன தெரியும்? வாசனையைச் சொல்லலாம். எங்க வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நெய் ஊத்தறதில்லை."

டாக்டர் பிரகாசம் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் கத்தியது அறை தாண்டி, தாழ்வாரம் தாண்டி, கம்பவுண்டர் வரை கேட்டிருக்கும். நான் எழுத்தில் கொண்டுவரக்கூடியது இவ்வளவுதான்: "எம்.டி. படிச்சவனை எல்லாம் ஒரு சொம்பு முட்டாளாக்கிடுச்சு!"

அப்போதுதான் எனக்கு விஷயம் மண்டையில் ஏறியது. ஏறியதும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! மூன்று நாளாக வெண்ணெயைத் தின்று, டப்பாவோடு குடித்தனம் பண்ணி, கடைசியில் திங்கட்கிழமை என் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள், ஒரு மனிதர் பாலத்தில் நடந்து வந்ததால்! உச்சி வெயிலில் ஒரு சுருக்கம் விழாமல் நடந்து வருகிறார். அதே நெய்யைத் தினம் கையால் அள்ளிச் சாப்பிடுகிறார். அவருக்கு ஏன் ஒன்றும் இல்லை?

இதை டாக்டரிடமே கேட்டேன்.

"அவரு டவல் புதுசு," என்றார், கோபம் ஆறாமல். "நெய்யை உறிஞ்சுது, நடை அதை எரிக்குது. அவருக்கு ரெண்டும் நல்லது. அவருக்கு நல்லதுங்கறதுனாலே உங்களுக்கு நல்லதுன்னு எவன் சொன்னான்? இந்த ஊர்ல தனக்கு ஒத்துக்கிட்டதை அடுத்தவன் வாயில திணிக்கிறதுக்குப் பேருதான் அன்பு."

இந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டி நாலு சித்திரை வீதியின் மூலைகளிலும் நட வேண்டும் என்பது என் கோரிக்கை.

டாக்டர் சர்ஜனிடம் போய்ச் சண்டை போட்டுத் தவணை வாங்கி வந்தார். ஒரே ஒரு தடவை. மறுபடி மூன்று நாள் வெண்ணெய், மறுபடி டப்பா. இந்தத் தடவையும் கணக்கு கோணினால் கத்திதான். "இதுக்கு மேல எனக்கு அவர்கிட்ட முகம் கிடையாது" என்றார்.

கோமளம் அத்திம்பேருக்குச் சொல்லியனுப்பினாள்: பிரசாதம் வேண்டாம், வரவும் வேண்டாம். முதல் நாள் அவர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. நான் ஜன்னல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ரேவதி. பெருமாளின் திருநட்சத்திரம். உச்சி வேளையில் ஜன்னல் கதவில் தட்டும் சத்தம். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு வாசற்பக்கம் காலடி. திரும்பிப் பார்த்தால், அறைக்குள், ஆஸ்பத்திரிக்குள், டப்பாவுக்கும் ராவுத்தரின் தொங்கும் காலுக்கும் நடுவில் அத்திம்பேர் நின்றுகொண்டிருந்தார். வியர்வை ஆறாய் ஓடியது. கையில் சொம்பு.

"இன்னிக்கு விசேஷம்டா சீமாச்சு. உன் பேரைச் சொல்லி, உனக்குன்னு கேட்டு வாங்கிண்டு வந்தேன். ஒரே ஒரு வாய்."

"வேண்டாம்."

"டாக்டர் சொன்னது சாப்பாட்டுக்கு. இது..."

"வேண்டாம்னா வேண்டாம்! நாளைக்கு என் வயத்தைக் கிழிப்பா! நீங்க கொடுக்கற ஒரு வாய்க்கு நான் செத்துப்போவேன், தெரியறதா? இத்தனை மாசமா நீங்களும் அந்த நாயுடுவும் சேர்ந்து என்னைக் கொன்னேள். நடந்து வந்து கொல்றேளே, பஸ்ஸிலயாவது வரப்படாதா?"

பிறந்ததிலிருந்து நான் பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோமளம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ராவுத்தர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

அத்திம்பேர் கத்தவில்லை. "உங்க அக்காவும் இதைத்தான் சொன்னா," என்றார். "கடைசியில ஒரு மாசம். எதை எடுத்துண்டு போனாலும் 'வேண்டாம்'."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"யாருக்காவது கொடுத்துடுங்கோ," என்றேன்.

"உன் பேரைச் சொல்லி வாங்கினது. திருப்பி எடுத்துண்டு போக முடியாது. கீழே போட முடியாது."

சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல் ஒன்று இருந்தது. எத்தனை பேர் எந்தெந்தத் தீட்டோடு உட்கார்ந்ததோ! அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொம்பின் வாயிலிருந்த வாழையிலையை அவிழ்த்து மடியில் விரித்துக்கொண்டார். சாப்பிட ஆரம்பித்தார்.

வீட்டுக்கும் கோவிலுக்கும் வெளியே ஒரு பருக்கை தொடாத மனிதர், டெட்டால் வாசனையில், என் பெயின்ட் டப்பாவுக்கு எதிரே, உருண்டை உருண்டையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரசித்துச் சாப்பிடவில்லை. கோபத்தில் சாப்பிட்டார். என்மேல் கோபம், டாக்டர்மேல் கோபம், அக்காமேல்கூட இருந்திருக்கலாம். நெய் முழங்கைக்கு வழிந்தது. வழித்து அதையும் சாப்பிட்டார். சொம்பின் அடியை விரலால் சுற்றித் துடைத்தார். இலையை மடித்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனார்.

ராவுத்தர்தான் மெதுவாகச் சொன்னார்: "பெரிய மனுஷன்யா. அவ்வளவையும் தின்னுட்டு இந்த வெயில்ல திரும்ப நடக்கப் போறாரு."

ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் நான் சேர்த்து வைத்திருந்த நியாயமான கோபம் ஒன்று இருந்தது. சுத்தமான, சந்தேகமற்ற கோபம். எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே சொத்து. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதையும் அவர் தின்றுவிட்டுப் போய்விட்டார். இதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை.

*

இரண்டாவது கணக்கு சரியாக வந்தது. அதாவது, என் குடல் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் பிரகாசம் ஆசைப்பட்டாரோ அவ்வளவு மோசமாக இருந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, லாட்டரி விழுந்தவர் மாதிரி ஓடி வந்தார். "கத்தி இல்லை சார்! ஸ்ப்ரூதான்! கத்தி இல்லை!" சர்ஜனும் வந்து பார்த்துவிட்டு, திறக்க முடியாமற்போன அலமாரியை ஒரு தடவை வருத்தத்தோடு தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வைத்தியம் என்ன? மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை. கீரையில் இருக்கும் ஒரு விட்டமினாம். கிருமிக்குக் கொஞ்சம் காப்ஸ்யூல். ரத்தம் ஊற ஒரு ஊசி. இதற்காகவா இத்தனை நாள் குடம் குடமாக நெய் குடித்தேன் என்று மறுபடி எரிச்சல் வந்தது. ஊசி எதிலிருந்து எடுத்தது என்று கோமளம் கேட்டுத் தொலைத்தாள். "ஈரல் சத்தும்மா" என்றார் டாக்டர். எதன் ஈரல் என்று அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "மருந்துன்னு சொல்லிட்டேளோல்லியோ, போடுங்கோ" என்றாள். ராவுத்தருக்கு மட்டும் அன்று முழுக்கக் கால்வலி தெரியவில்லை. "ஐயங்காரே, இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே பந்தி!"

நாலைந்து நாளில் நாக்குப் புண் ஆறியது. ஒரு வாரம் போனதும் பசி எடுத்தது. நாயுடு சொன்ன பசி இல்லை, நிஜப் பசி. ஓட்டம் நின்றது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். பிரிய மனமில்லை என்று சொல்லமாட்டேன்.

அதற்குள் அத்திம்பேரைப் பற்றிச் செய்திகள் கோமளம் மூலம் வந்தன. அன்று திரும்பிப் போகிற வழியில் காவிரியில் கட்டின வேட்டியோடு இறங்கி முழுகினாராம். பஞ்சகவ்யம் சாப்பிட்டாராம். மறுநாள் முழுக்க உபவாசம் இருந்தாராம். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. புது டவல்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று ஜட்கா வைத்துக்கொண்டு வாசலில் அவரே நின்றார். ஏறி உட்கார்ந்தோம். ஒரு வருஷத்துக்கு நெய், வெண்ணெய், பொரித்தது எதுவும் கூடாது என்றும், மெதுவாக நடந்தால் போதும் என்றும், நடக்கும்போது நாயுடு பக்கத்தில் இருக்கக்கூடாது என்றும் டாக்டர் வாசல் வரை வந்து கோமளத்திடம் சொன்னதை அவரும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். கடைசி விதி டாக்டருடையது இல்லை, நான் சேர்த்தது.

வண்டி பாலத்தில் ஏறியது. பாதிப் பாலத்தில் அத்திம்பேர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வருஷம்னாரே டாக்டர். ஒரு வருஷம் முடிஞ்சப்புறம்?"

அப்போது நான் போட்ட கூச்சலைப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். குதிரை மிரண்டு ஒரு பக்கமாக இழுத்தது. வண்டிக்காரர் எழுந்து நின்று கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சைக்கிளில் போனவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். மூச்சு வாங்கும் வரை கத்தினேன், வாங்கிவிட்டு மறுபடி கத்தினேன்.

அத்திம்பேர் எல்லாவற்றையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் கோமளத்தின் பக்கம் திரும்பினார்.

"தேறிட்டான்," என்றார்.